ஒளியால் பாலிமர் படலத்தை ஒட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்ணாடி, சிலிக்கான், பிளாஸ்டிக் போன்றவற்றின் மேல் மிக மெல்லிய பாலிமர் படலத்தை யூவி (புற ஊதா) ஒளியால் பிணைத்துவைக்கும் வேலையைப் பற்றிய பக்கம் இது. பென்சோபீனோன் என்ற ஒரே மூலக்கூறைச் சுற்றித்தான் பெரும்பாலும் பேசப்போகிறேன், எனக்குக் கைப்பழக்கம் உள்ளது அதில்தான். ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்ட கேள்விகளையும், "யூவின்னா போன் கடையில ஒட்டுறதுதானே" என்று வெளியிலிருந்து கேட்டவர்களின் கேள்விகளையும் ஒன்றாகவே போட்டிருக்கிறேன்.

போன் கடையில் யூவி பசை போட்டு டெம்பர்டு கிளாஸ் ஒட்டுகிறார்களே, அதுதானா இது?

இல்லை. முதலில் தீர்க்க வேண்டிய குழப்பமே இதுதான். போன் கடைக்காரர் ஊற்றுகிற பசை, அக்ரிலேட் வகைச் சின்ன மூலக்கூறுகளும், ஒளி பட்டால் உடைகிற ஒரு தூண்டுபொருளும் கலந்த திரவம். விளக்கைக் காட்டியதும் அந்தச் சின்ன மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கெட்டியாகிவிடுகின்றன. திரவமாக இருந்தபோது இண்டு இடுக்கெல்லாம் பரவி, பரவிய இடத்திலேயே இறுகியதால் பிடித்துக்கொள்கிறது. கண்ணாடியின் அணுக்களோடு அதற்குப் பெரிதாகப் பிணைப்பு கிடையாது, அதனால்தான் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து நெம்பினால் பெயர்ந்து வருகிறது. (ஸ்பீக்கர் ஓட்டைக்குள் போய் இறுகியது மட்டும் வராது, அது வேறு சோகம்.)

நாம் பேசப்போகும் முறையில் பாலிமர் ஏற்கெனவே தயாராகி, நீளச் சங்கிலியாக, உலர்ந்த படலமாக மேற்பரப்பில் கிடக்கிறது. ஒளி அதை இறுக்குவதற்காக அல்ல, சங்கிலியில் எங்கோ ஓர் இடத்தை மேற்பரப்போடு சகப்பிணைப்பால் (அணுக்கள் எலெக்ட்ரானைப் பகிர்ந்துகொள்ளும் வேதிப்பிணைப்பு) கோப்பதற்காக. இறுக்குவதும் ஒட்டுவதும் வேறு வேறு வேலை என்பதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வருகிற பாதிக் கேள்விகளுக்கு விடை தானாக வந்துவிடும்.

பாலிமரைக் கரைத்துச் சும்மா பூசினால் நிற்காதா? எதற்கு இவ்வளவு பாடு?

நிற்கும், நீங்கள் அதைத் தொந்தரவு செய்யாத வரை. பாலிஸ்டைரீனை டொலுயீனில் கரைத்து சிலிக்கான் வேஃபரில் ஊற்றிச் சுழற்றினால் (ஸ்பின் கோட்டிங்) அழகான, வண்ணம் காட்டும் படலம் கிடைக்கும். அதை மறுபடி டொலுயீனில் முக்குங்கள், சில நொடிகளில் காணாமல் போய்விடும். சரி, கரைப்பானே வேண்டாம், சூடாவது பண்ணலாமா என்றால், பாலிஸ்டைரீன் சுமார் 100 டிகிரி செல்சியஸில் இளகும். அதைத் தாண்டிக் கொஞ்ச நேரம் வைத்தால் மெல்லிய படலத்தில் ஓட்டைகள் விழுந்து, அவை விரிந்து விரிந்து கடைசியில் தாமரை இலைத் தண்ணீர் மாதிரி துளித் துளியாகத் திரண்டு நிற்கும். அந்தப் பாலிமருக்கு அந்த மேற்பரப்பு பிடிக்கவில்லை, அவ்வளவுதான். இளகாத வரை ஓட வழியில்லாமல் கிடந்தது.

தண்ணீரில் ஊறும் பாலிமர்கள் இன்னும் மோசம். மருத்துவக் கருவிகளுக்கு அந்த வகைதான் வேண்டும், ஆனால் பூசி உடம்புக்குள் விட்டால் கரைந்து போய்விடும். அதனால் சங்கிலியைக் கட்டிப்போடத்தான் வேண்டும்.

பென்சோபீனோன் என்னதான் செய்கிறது?

ஒரு கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பில் இருக்கும் கார்போனைல் குழு நடுவில், அதன் இரு பக்கமும் ஒவ்வொரு பென்சீன் வளையம். சுமார் 48 டிகிரியில் உருகுகிற, பார்க்க அப்பாவியான வெள்ளைப் பொருள். 340–350 நானோமீட்டர் அலைநீள ஒளியை வாங்கினால் ஆக்சிஜனில் இருக்கும் ஓர் எலெக்ட்ரான் மேல்நிலைக்குத் தாவுகிறது. பல மூலக்கூறுகள் இப்படித் தாவியதும் உடனே ஒளியாகவோ வெப்பமாகவோ ஆற்றலை விட்டுவிட்டு உட்கார்ந்துவிடும். இது அப்படியில்லை, ஏறக்குறைய எல்லா மூலக்கூறும் ட்ரிப்லெட் எனப்படும் நிலைக்கு இறங்கி அங்கே கொஞ்சம் நிதானமாக நிற்கும். நிதானம் என்றால் மைக்ரோ வினாடிக் கணக்குதான், ஆனால் மூலக்கூறுகளின் உலகில் அது நீண்ட நேரம்.

அந்த நிலையில் ஆக்சிஜன் அணுவுக்கு எலெக்ட்ரான் பசி. சுமார் 0.3 நானோமீட்டர் தூரத்துக்குள் ஏதாவது கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பு இருந்தால் அதிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொள்ளும். இப்போது பென்சோபீனோன் பக்கம் ஒரு கார்பனில் ஜோடியில்லாத எலெக்ட்ரான், ஹைட்ரஜனை இழந்த பாலிமர் பக்கமும் ஒரு கார்பனில் ஜோடியில்லாத எலெக்ட்ரான். இரண்டும் பக்கத்துப் பக்கத்திலேயே இருப்பதால் சேர்ந்துகொண்டு புதிய கார்பன்–கார்பன் பிணைப்பாகிவிடும். பென்சோபீனோனின் ஒரு காலை முன்பே கண்ணாடியில் கட்டியிருந்தால், பாலிமர் சங்கிலி இப்போது கண்ணாடியோடு கட்டப்பட்டாயிற்று.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பக்கத்தில் பிடுங்குவதற்கு ஏதும் இல்லையென்றால் மூலக்கூறு வீணாவதில்லை, ஆற்றலை விட்டுவிட்டுப் பழைய நிலைக்கே திரும்புகிறது. அடுத்த ஒளித்துகள் வந்தால் மறுபடி முயற்சி. வேலை முடியும் வரை சலிக்காமல் கேட்டுக்கொண்டே இருக்கும் கடன்காரன் மாதிரி.

ஒளிதான் கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பை உடைக்கிறதா?

நேரடியாக இல்லை, கணக்குப் போட்டால் தெரியும். 350 நானோமீட்டர் ஒளியின் ஆற்றல் ஒரு மோலுக்குச் சுமார் 342 கிலோஜூல். ட்ரிப்லெட்டில் மிஞ்சுவது சுமார் 288. சாதாரண கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பை உடைக்க 400க்குப் பக்கத்தில் வேண்டும். பற்றாக்குறையை ஈடுகட்டுவது ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பு புதிதாக உருவாகும்போது கிடைக்கும் ஆற்றல். இதனாலேயே தண்ணீரை இது தொடுவதில்லை. தண்ணீரின் பிணைப்பு அதற்கு மிகவும் கெட்டி. ஈரம் இருந்தாலும் வினை நடக்கிறது, புரதம் ஆராய்கிறவர்கள் தண்ணீரிலேயே வைத்து இதைப் பயன்படுத்துவதும் அதனால்தான்.

இதை முதலில் கண்டுபிடித்தது யார்?

எதை "இது" என்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

ஒளியால் ஒரு படலத்தைத் தகட்டில் நிற்கவைப்பது என்றால் பிரான்சின் நீப்ஸிடமிருந்து தொடங்க வேண்டும். 1820களில் அவர் ஒருவகை நிலக்கீலைத் தகட்டில் பூசி வெளிச்சத்தில் வைத்தார். ஒளி பட்ட இடம் இறுகியது, படாத இடத்தை லாவெண்டர் எண்ணெயால் கழுவி எடுத்தார். 1826–27 வாக்கில் தன் வீட்டு ஜன்னலிலிருந்து தெரிந்த கூரைகளை அவர் அப்படிப் பதித்த தகடுதான் இன்று மிஞ்சியிருக்கும் மிகப் பழைய கேமரா புகைப்படம். புகைப்படத்தின் பிறப்பு என்று எல்லோரும் அதைக் கொண்டாடுகிறார்கள், எனக்கு அது ஒரு பாலிமர் படலமாகத்தான் தெரிகிறது.

பென்சோபீனோன் ஒளியில் ஹைட்ரஜனைப் பிடுங்கும் என்பது 1900இல் வந்தது. இத்தாலியின் பொலோன்யா பல்கலைக்கழகத்தில் சாமிச்சான், சில்பர் என்ற இருவர் பென்சோபீனோனை ஆல்கஹாலில் கரைத்து வெயிலில் வைத்தார்கள். ஹைட்ரஜனை ஆல்கஹாலிடமிருந்து வாங்கிக்கொண்ட மூலக்கூறுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து பென்சோபினகால் என்ற பொருளாயின. மொட்டைமாடியில் வரிசை வரிசையாகக் கண்ணாடிக் குடுவைகளுக்கு நடுவே சாமிச்சான் நிற்கும் படம் வேதியியல்காரர்களிடையே பிரபலம்; அப்பளம் வடாம் காயப்போட்ட மாடியைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தப் படம் அவ்வளவு அந்நியமாகத் தெரியாது. 1912இல் நியூயார்க்கில் அவர் ஆற்றிய உரையில், நிலக்கரியை விட்டுவிட்டு வெயிலை நம்பும் தொழில்துறை பற்றிப் பேசினார் என்பதும் சேதி.

மூன்றாவதாக, பென்சோபீனோனை ஒற்றை மூலக்கூறு அடுக்காகக் கண்ணாடியில் நட்டு, மேலே எந்தப் பாலிமரையும் பூசி ஒளியால் கோப்பது. இதைத் தெளிவாகக் காட்டிய கட்டுரை 1999இல் அமெரிக்க வேதியியல் சங்கத்தின் இதழில் வெளியானது. எழுதியவர்கள் புருக்கர், நாவ்மன், ரூஹே, க்னோல், ஃபிராங்க். ரூஹே பிறகு ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகத்தில் இந்த வேதியியலையே பல திசைகளில் கொண்டுபோனார்.

கண்ணாடி ஸ்லைடில் செய்துபார்க்க வேண்டும். வரிசை என்ன?

முதலில் சுத்தம். கண்ணாடியின் மேல் உள்ள எண்ணெய்ப் பிசுக்கெல்லாம் போய், சிலிக்கானோடு சேர்ந்த ஆக்சிஜன்–ஹைட்ரஜன் குழுக்கள் வெளியே தெரிய வேண்டும். ஆக்சிஜன் பிளாஸ்மா அல்லது யூவி–ஓசோன் கருவி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். கந்தக அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த பிரானா கரைசலை எல்லாக் கட்டுரைகளும் சாதாரணமாக எழுதிவிட்டுப் போகும். அது கரிமப் பொருளைக் கண்டால் கொதித்து வெடிக்கக்கூடியது, மூடி போட்ட பாட்டிலில் ஒருபோதும் வைக்கக் கூடாது. சுத்தமான கண்ணாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உருண்டு நிற்காமல் அப்படியே பரவ வேண்டும், அதுதான் சோதனை.

அடுத்து, பென்சோபீனோனைக் கண்ணாடியில் நடுவது. இதற்கு ஒரு முனையில் பென்சோபீனோனும் மறுமுனையில் குளோரோசிலேனும் (குளோரின் மாட்டிய சிலிக்கான் முனை, கண்ணாடியின் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் குழுவைப் பிடித்துக்கொள்வது இதுதான்) உள்ள மூலக்கூறு வேண்டும். உலர்ந்த டொலுயீனில் அதைக் கரைத்து, கொஞ்சம் ட்ரைஎதில் அமீன் சேர்த்து (வெளிவரும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை அது வாங்கிக்கொள்ளும்), ஸ்லைடை ஓர் இரவு ஊறவைத்துக் கழுவினால் போதும்.

இங்கே நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். சிலேனில் ஒரு குளோரின் உள்ளது, மூன்று குளோரின் உள்ளது என்று வகைகள் உண்டு. மூன்று இருந்தால் பிடிப்பு பலமாக இருக்கும் என்று நினைத்து நான் மூன்றையே வாங்கினேன். ஊர் சென்னை, மாதம் ஐப்பசி, வெளியே மழை கொட்டுகிறது, ஆய்வகத்தின் ஏசி வேலை செய்யவில்லை. காலையில் வந்து பார்த்தால் ஸ்லைடெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. காற்றின் ஈரத்தோடு சேர்ந்து மூன்று குளோரின் சிலேன் தனக்குள்ளேயே பின்னிக்கொண்டு கட்டியாகி, கண்ணாடியில் படிந்துவிட்டது. ஒரு குளோரின் வகைக்கும் ஈரம் ஆகாது, ஆனால் அது அதிகபட்சம் இன்னொரு மூலக்கூறோடு இரட்டையாகச் சேர்ந்து நின்றுவிடும், அந்த இரட்டை கழுவினால் போய்விடும், பின்னிக்கொள்ள அதற்கு வேறு கை கிடையாது. மழைக்காலத்தில் ஈரப்பதமான ஊரில் வேலை செய்கிறவர்கள் ஒற்றைக் குளோரின் பக்கமே இருங்கள்.

பிறகு பாலிமரைக் கரைத்து ஸ்பின் கோட்டிங் செய்து, கரைப்பான் முழுக்கப் போகும்படி வெற்றிடத்தில் உலர்த்துங்கள். இதை அவசரப்படுத்தாதீர்கள். மிச்சமிருக்கும் டொலுயீனிலும் பிடுங்குவதற்குச் சுலபமான ஹைட்ரஜன் இருக்கிறது, பாலிமருக்காக நட்டு வைத்த பென்சோபீனோன் டொலுயீனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். அப்புறம் யூவி விளக்கின் கீழ் வைத்து, வேண்டிய நேரம் கழித்து எடுத்து, நல்ல கரைப்பானில் மணிக்கணக்கில் கழுவுங்கள். கட்டப்படாதது எல்லாம் போய்விடும், மிஞ்சுவதுதான் உங்கள் படலம்.

நூறு நானோமீட்டர் பூசினேன், கழுவிய பிறகு பத்துதான் மிஞ்சியது. என்ன தப்பு?

தப்பே இல்லை. பென்சோபீனோன் அடுக்கு மேற்பரப்பில் மட்டும், சுமார் ஒரு நானோமீட்டர் தடிமனில் இருக்கிறது. அதன் கைக்கெட்டும் தூரத்தில் உடம்பின் ஏதாவது ஒரு பகுதி இருக்கும் சங்கிலிகள் மட்டுமே மாட்டும். அதற்கு மேலே கிடப்பவை அடியில் என்ன நடக்கிறது என்றே தெரியாமல் இருந்துவிட்டு, கழுவும்போது போய்விடும்.

பாலிமர் சங்கிலி நீட்டி வைத்த கயிறு மாதிரி கிடப்பதில்லை, சுருண்ட நூல் உருண்டை மாதிரி இருக்கும். லட்சம் மூலக்கூறு எடையுள்ள பாலிஸ்டைரீன் சங்கிலியின் சுழற்சி ஆரம் (உருண்டையின் அளவைச் சொல்லும் எண்) சுமார் 9 நானோமீட்டர். அடியில் ஓரிடத்தில் மாட்டினாலும் உருண்டை முழுவதும் தங்கிவிடுவதால், மிஞ்சும் தடிமன் இந்த அளவோடு சேர்ந்தே ஏறி இறங்கும். சங்கிலியை நான்கு மடங்கு நீளமாக்கினால் உருண்டை இரண்டு மடங்குதான் பெரிதாகும், தடிமனும் அப்படியே. ஆகவே இந்த வழியில் பத்துப் பதினைந்து நானோமீட்டர் என்பதே நல்ல விளைச்சல்.

எனக்கு அரை மைக்ரோமீட்டர் வேண்டுமே?

அப்படியானால் பென்சோபீனோனை மேற்பரப்பில் மட்டும் வைக்காமல் பாலிமர் சங்கிலிக்குள்ளேயே வையுங்கள். பாலிமரைத் தயாரிக்கும்போதே பென்சோபீனோன் தொங்கும் மெத்தாக்ரிலேட்டைச் சில சதவீதம் கலந்துவிட்டால், ஒளி பட்டதும் படலம் முழுக்கச் சங்கிலியும் சங்கிலியும் மாட்டிக்கொண்டு வலையாகும். கீழே உள்ள சங்கிலிகள் மேற்பரப்போடும் மாட்டும். இறுக்குவதும் ஒட்டுவதும் ஒரே வினையில் நடக்கிற இடம் இது. டைமெதில் அக்ரிலமைடு பாலிமரை வைத்து இப்படிச் செய்யும் ஊறும் படலங்கள் நிறையப் பயன்பாட்டில் உள்ளன.

இதில் வேடிக்கையான ஒன்று உண்டு. சாதாரண ஜெல் துண்டு தண்ணீரில் ஊறினால் எல்லாப் பக்கமும் பருக்கும். அடி ஒட்டப்பட்ட ஜெல்லால் பக்கவாட்டில் விரிய முடியாது, மேலே மட்டும்தான் எழும்ப முடியும். அந்த அழுத்தம் கூடிப்போனால் படலம் சுருக்கம் விழுந்து, ஆறிய பால் ஆடை மாதிரி மடிப்பு மடிப்பாகத் தெரியும், அல்லது ஒட்டிய இடத்தையே பிய்த்துக்கொண்டு வரும். வலையின் அடர்த்தியைக் கூட்டினால் ஊறுவது குறையும்.

எந்த விளக்கு வாங்குவது, 254ஆ 365ஆ?

254 நானோமீட்டர் விளக்கு மலிவு, கிருமி நீக்கும் விளக்கும் அதே வகைதான். பென்சோபீனோன் அந்தப் பகுதியில் ஒளியை 350ஐவிட நூறு மடங்குக்கு மேல் பலமாக வாங்கும், வேலை சீக்கிரம் முடியும். ஆனால் பாலிஸ்டைரீன் போன்ற பாலிமர்களும் அதையே வாங்கி மஞ்சளிக்கும், அக்ரிலிக் வகைச் சங்கிலிகள் அறுபடும், ஒளி அடிவரை போய்ச் சேராது. 350–365 மெதுவானது, ஆனால் பாலிமரைத் தொடாமல் பென்சோபீனோனை மட்டும் எழுப்பும். சாதாரணக் கண்ணாடி வழியாகவும் போகும். 254க்குக் குவார்ட்ஸ் வேண்டும். நான் பொறுமை உள்ளவன், 365 பக்கம்.

நேரத்தை மட்டும் எழுதிவைத்துப் பயனில்லை, ஒளியின் செறிவையும் அளந்து எழுதுங்கள். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லிவாட் தரும் விளக்கில் 10 நிமிடம் வைத்தால் 6 ஜூல். விளக்கு பழசாகி 5 மில்லிவாட்டுக்கு இறங்கிவிட்டால் அதே 6 ஜூலுக்கு 20 நிமிடம் ஆகும். "போன வருஷம் பத்து நிமிஷத்தில் வந்ததே" என்ற புலம்பலில் பாதி, விளக்கு வயதான கதைதான்.

வெயிலில் வைத்தால் ஆகாதா? நம் ஊரில் அதற்கா பஞ்சம்?

ஆகும், 1900இல் நடந்ததே வெயிலில்தான். ஆனால் மேகம், தூசு, மணி, மாதம் எல்லாம் கணக்கில் வரும், நாளைக்கு அதே அளவு திரும்பக் கிடைக்காது. பள்ளிக்கூடச் செயல்விளக்கத்துக்குச் சரி.

ஒளி காட்டும்போது காற்றை விரட்ட நைட்ரஜன் ஓட்ட வேண்டுமா?

காற்றிலுள்ள ஆக்சிஜன், பென்சோபீனோனின் ட்ரிப்லெட் நிலையை அடக்கிவிடும், உருவான தனி எலெக்ட்ரான் கார்பன்களையும் பிடித்துக்கொள்ளும். கெட்டியான உலர்ந்த படலத்துக்குள் அது மெதுவாகத்தான் நுழையும் என்பதால் காற்றிலேயே பலர் செய்கிறார்கள், விளைச்சலும் கிடைக்கிறது. திரும்பத் திரும்ப ஒரே எண் வர வேண்டும் என்றால் நைட்ரஜன் ஓட்டுங்கள்.

எல்லாப் பாலிமரையும் ஒட்டலாமா?

கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பு இருக்கிற எதையும், தத்துவப்படி. டெஃப்லானில் எல்லாமே கார்பன்–ஃப்ளூரின், பிடுங்க ஒன்றும் இல்லை, ஆகவே நடக்காது. மற்றவற்றிலும் சுலபம், கஷ்டம் உண்டு. ஆக்சிஜன், நைட்ரஜன் அணுவுக்குப் பக்கத்துக் கார்பனில் உள்ள ஹைட்ரஜன் எளிதில் வரும், அதனால் பாலிஎதிலீன் ஆக்சைடு நன்றாக மாட்டும். பாலிஸ்டைரீன் பரவாயில்லை. பாலிமெதில் மெத்தாக்ரிலேட்டில் மெதில் குழுக்களே அதிகம், சோம்பேறித்தனமாக மாட்டும், நேரத்தைக் கூட்டுங்கள்.

அடியில் இருப்பது கண்ணாடி இல்லை, பிளாஸ்டிக் என்றால் சிலேன் எதற்கு?

தேவையில்லை. பாலிஎதிலீன், பெட் (தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்), சிலிகோன் ரப்பர் எல்லாவற்றிலும் அதே கார்பன்–ஹைட்ரஜன் இருக்கிறது, பென்சோபீனோன் சேர்த்த பாலிமரை நேராகப் பூசி ஒளி காட்டினால் அடியில் உள்ள பிளாஸ்டிக்கையே பிடித்துக்கொள்ளும். தங்கத்துக்கு மட்டும் சிலேனுக்குப் பதில் கந்தகம் உள்ள கால் வேண்டும்.

ஒளியால் ஒட்ட அசைடு, டையசிரின் என்று வேறு மூலக்கூறுகளும் உண்டு என்று படித்தேன். அவை மேல் இல்லையா?

அவை நைட்ரஜன் வாயுவை விட்டுவிட்டு மிகவும் ஆவேசமான இடைப்பொருளாக மாறும், வினை வேகம். ஆனால் ஒரே ஒரு வாய்ப்புதான், குறி தவறினால் தண்ணீரோடோ வேறெதோடோ சேர்ந்து முடிந்துபோகும். அறை வெளிச்சத்திலும் கவனமாக வைக்க வேண்டும். பென்சோபீனோன் குப்பியை நான் சாதாரண அலமாரியில் வைத்திருக்கிறேன்.

படம் மாதிரி வடிவமாக ஒட்ட முடியுமா?

முடியும், ஒளியைப் பயன்படுத்துவதன் பெரிய லாபமே அது. மேலே ஒரு மாஸ்க் (ஒளியை அங்கங்கே மறைக்கும் வடிவத் தகடு) வைத்து ஒளி காட்டினால் பட்ட இடத்தில் மட்டும் படலம் தங்கும். டிஎன்ஏ, புரதச் சொட்டுகளை ஜெல் புள்ளிகளாகச் சில்லில் வரிசையாக ஒட்டுவதும் இந்த வகைதான்.

திருப்பூரில் பனியனுக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் செய்யும் பட்டறைக்குப் போனவர்களுக்கு இது பழைய செய்தி. சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணியில் எமல்ஷனைத் தடவி இருட்டில் காயவைத்து, மேலே டிசைன் ஃபிலிமை வைத்து வெளிச்சம் காட்டுவார்கள். ஒளி பட்ட இடம் தண்ணீரில் கரையாததாகிவிடும், படாத இடம் தண்ணீர் பீய்ச்சினால் போய் ஓட்டையாகும், மை அதன் வழியே இறங்கும். பழைய முறையில் இதற்கு டைகுரோமேட் சேர்ப்பார்கள். ஒளியில் ஆறு மின்னேற்ற குரோமியம் மூன்றாக இறங்கி, எமல்ஷனின் சங்கிலிகளைக் கோத்துவிடும். (ஆறு மின்னேற்ற குரோமியம் புற்றுநோய் தரக்கூடியது, கையுறை இல்லாமல் தொடாதீர்கள். டயசோ வகை எமல்ஷன் எவ்வளவோ மேல்.) ஆனால் அங்கே எமல்ஷன் நூல்களைச் சுற்றி இறுகுவதால் நிற்கிறது, நூலோடு பிணைப்பு கட்டாயம் இல்லை. வேலை முடிந்ததும் மருந்து போட்டு உரித்து, அதே வலையை மறுபடி பயன்படுத்தவும் அதுதான் வசதி.

பல் டாக்டர் நீல விளக்கு காட்டி அடைப்பு வைக்கிறாரே?

அது போன் கடைக் குடும்பம். காம்ஃபர்குயினோன் என்ற மஞ்சள் பொருள் சுமார் 470 நானோமீட்டர் நீல ஒளியை வாங்கித் தூண்ட, பசை இறுகுகிறது. பல்லில் பிடிப்பது எப்படி என்றால், முதலில் பாஸ்பாரிக் அமிலம் தடவி எனாமலைச் சொரசொரப்பாக்கிவிடுவார்கள், 1955இல் பூவோனகோர் காட்டிய வழி. அந்த நுண்குழிகளுக்குள் பசை போய் இறுகிக் கொக்கி போட்டுக்கொள்ளும்.

ஒட்டியிருக்கிறது என்று எப்படி நம்புவது?

கழுவுங்கள், கழுவிய பின் அளந்துபாருங்கள். தடிமனுக்கு எலிப்சோமெட்ரி (படலத்தில் பட்டுத் திரும்பும் ஒளியை வைத்து அளக்கும் முறை), மேற்பரப்புக்குத் தண்ணீர்ச் சொட்டின் கோணம். சுத்தமான கண்ணாடியில் பரவிப்போன சொட்டு, பாலிஸ்டைரீன் ஒட்டிய பிறகு சுமார் 90 டிகிரியில் எழும்பி நிற்கும்.

அதைவிட முக்கியம் ஒப்பீட்டு ஸ்லைடுகள். ஒளி காட்டாத ஒன்று, பென்சோபீனோன் நடாமல் ஒளி மட்டும் காட்டிய ஒன்று. இரண்டிலும் கழுவியபின் ஒன்றும் மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் நீங்கள் சரியாகக் கழுவவில்லை, அல்லது 254 விளக்கில் பாலிமர் தானாகவே பின்னிக்கொண்டு தரையில் விரித்த பாய் மாதிரி சும்மா கிடக்கிறது. எத்தனையோ அழகான முடிவுகள் இந்த இரண்டாவது ஸ்லைடைப் பார்த்ததும் செத்துப்போனதை நேரில் பார்த்திருக்கிறேன், அதில் என்னுடையதும் ஒன்று.

ஆய்வகத்துக்கு வெளியே எங்கே இருக்கிறது?

ரத்தக்குழாய்க்குள் விடும் கதீட்டர் குழாய்களின் வழுவழுப்பான பூச்சில். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் உள்ள சர்மாடிக்ஸ் நிறுவனம், ஒளியால் பிணைக்கும் இந்த வகைப் பூச்சை ஃபோட்டோலிங்க் என்ற பெயரில் மருத்துவக் கருவிகளுக்குத் தருகிறது. நனைந்தால் வழுக்க வேண்டும், ஆனால் உரிந்து ரத்தத்தில் போகக் கூடாது என்ற இரண்டு நிபந்தனையும் சேரும் இடம் அது. புரதமும் பாக்டீரியாவும் ஒட்டாத மேற்பரப்புகளுக்கும் இதே வழி.

பென்சோபீனோன் விஷமா?

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் தரச் சாத்தியம் உள்ளவற்றின் பட்டியலில், 2பி பிரிவில் வைத்திருக்கிறது. கவலைப்பட வேண்டியது பெரும்பாலும் கட்டப்படாமல் சுதந்திரமாகத் திரியும் மூலக்கூறைப் பற்றித்தான். யூவி மையில் இதன் சொந்தக்காரர்கள் தூண்டுபொருளாகப் போகிறார்கள். 2005இல் இத்தாலியில் குழந்தைகளுக்கான பாலில் ஐடிஎக்ஸ் என்ற தூண்டுபொருள் பெட்டியின் அச்சு மையிலிருந்து இறங்கியிருந்தது தெரிந்து பால் திரும்பப் பெறப்பட்டது, 2009இல் ஐரோப்பாவில் காலை உணவு தானியத்தில் மெதில் பென்சோபீனோன் கண்டுபிடிக்கப்பட்டது. சங்கிலியோடு சேர்த்துக் கட்டிய பென்சோபீனோன் இப்படி நகராது, ஆனால் கட்டப்படாத மிச்சத்தைக் கழுவி எடுக்காமல் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது.

உடனடி ஆபத்து விளக்கில்தான் இருக்கிறது. வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்தவர்களுக்கு ராத்திரி கண்ணில் மணலை அள்ளிப் போட்டது மாதிரி எரியுமே, அதே காயம்தான் 254 விளக்கும் தரும். பார்க்கும்போது ஒன்றும் தெரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும். யூவி தடுக்கும் முகக்கவசம், கையுறை, முழுக்கை கோட், மூன்றும் போடுங்கள்.

ஒட்டியதைக் கழற்ற முடியுமா? ஸ்லைடு வீணாகிறதே.

கார்பன்–கார்பன் பிணைப்பைக் கழற்றுவது நடக்காது. கண்ணாடிக்கும் சிலேனுக்கும் நடுவில் உள்ள சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்புதான் பலவீனமான கண்ணி, வலுவான காரத்தில் நாள்கணக்கில் ஊறப்போட்டால் அங்கே அறுந்து படலம் வந்துவிடும். உங்கள் படலம் காரத் தண்ணீரில் தங்கவில்லை என்று யாராவது புலம்பினாலும் காரணம் அதேதான். பிளாஸ்மா போட்டு எரித்தும் எடுக்கலாம். ஆனால் ஸ்லைடுக்காக என்றால் அவ்வளவு மெனக்கெடாதீர்கள், பெட்டியிலிருந்து புதிது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சிலிக்கான் வேஃபர் என்றால் மட்டும் யோசிக்கலாம்.